காய்ச்சலும் பாய்ச்சலும்

போன வாரம் அக்கா மகள் வேளச்சேரியிலிருந்து போன் பண்ணினாள். தீபாவளிக்கு ஊருக்கு வரணும்னு ஆசை, ஆனா ஒரு யோசனை. "மாமா, ஐப்பசி கார்த்திகையில உங்க பக்கம் பசங்களுக்கு மூளைக்காய்ச்சல் வருமாமே? ஆபீஸ்ல ஒருத்தங்க சொன்னாங்க. விழுப்புரம், கடலூர்ல எல்லாம் ரொம்பவாம். கழனி பக்கம் விடாதேன்றாங்க. பையனைக் கூட்டிட்டு வரலாமா?"

பையனுக்கு நாலு வயசு. எனக்குச் சட்டுனு கோபம்தான் வந்தது. சேதராப்பட்டுல பசங்க வளரலையா, நாங்க எல்லாம் சேத்துலயே கிடந்து வளரலையான்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. அடக்கிக்கிட்டேன். ஏன்னா அவள் கேட்டது தப்பில்லை. எங்க கழனிக்கும் அந்தக் காய்ச்சலுக்கும் சம்பந்தம் இருக்கு. எழுபது வருஷத்துக்கு மேலான சம்பந்தம். "ரெண்டு நாள்ல சொல்றேம்மா"ன்னு போனை வெச்சேன். அவளுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவா எழுதுறேன். உங்கள்லயும் பல பேருக்கு ஊர்ல தாத்தா வீடு இருக்கும்.

முதல்ல பெயர்க் குழப்பம். நாம மூளைக்காய்ச்சல்னு ஒரே வார்த்தையில ரெண்டு நோயைச் சொல்றோம். மூளையைச் சுத்தியிருக்கிற உறையில அழற்சி வந்தா அது ஒண்ணு, மூளைக்குள்ளயே அழற்சி வந்தா அது வேற. ரெண்டாவதைத்தான் டாக்டர்கள் என்செபலைட்டிஸ் என்கிறார்கள். மேலைநாடுகளில் லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஐந்து முதல் பத்து பேர் வரை இந்த மூளை அழற்சி வருகிறது. அங்கே கண்டுபிடிக்கப்படுகிற காரணங்களில் முன்னால் நிற்பது ஹெர்பிஸ் கிருமி. வாய் ஓரத்தில் கொப்புளம் போடுமே, அந்த வகை. அதற்குப் பருவம் கிடையாது, ஊர் கிடையாது, மாடி வீடு குடிசை வித்தியாசமும் கிடையாது. எப்போதோ ஒருவருக்கு வரும்.

எங்க பக்கத்துக் கதை அப்படியில்லை. இதற்குப் பருவம் உண்டு, நிலம் உண்டு, வயசு உண்டு. இது ஜப்பானிய மூளைக்காய்ச்சல். கொசு கொண்டு வருவது. ஆசியாவில் நெல் விளைகிற நாடுகளை வரைபடத்தில் வண்ணம் அடித்தால், ஏறக்குறைய இந்த நோயின் வரைபடமும் கிடைத்துவிடும்.

ஜப்பானில் 1871-லேயே இதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். 1924-ல் அங்கே பெரிய கொள்ளைநோயாக வந்து 6,000 பேருக்கு மேல் பிடித்தது, பாதிக்கு மேல் செத்தார்கள். அந்தக் காலத்தில் ஆளைத் தூங்க வைத்தே முடக்கிப் போடுகிற இன்னொரு மூளை அழற்சி உலகமெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. அதை ஏ வகை என்றும் இதை பி வகை என்றும் பிரித்தார்கள். பழைய மருத்துவ நூல்களில் 'ஜப்பானிய பி' என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், அது இதுதான். 1935-ல் டோக்கியோவில் இறந்துபோன ஒருவரின் மூளையிலிருந்து கிருமியைப் பிரித்தார்கள். சில ஆண்டுகளில் கொசுவும் பிடிபட்டது. கியூலெக்ஸ் ட்ரைடீனியோரிங்கஸ் என்று பெயர். வாயில் நுழையாத பெயர், நான் கழனிக் கொசு என்றே சொல்லிக்கொள்கிறேன்.

இந்தியாவில் இந்த நோயின் கதை நம்ம தமிழ் மண்ணில்தான் ஆரம்பிக்கிறது. 1952-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளையும் சேர்ந்து பூனாவில் ஒரு வைரஸ் ஆராய்ச்சி மையம் தொடங்கின. மக்களின் ரத்தத்தை எடுத்துச் சோதித்தபோதே, இந்தக் கிருமி இங்கே இருக்கிறது என்பதற்கு அடையாளம் தெரிந்தது. நோயாளிகள் கண்ணில் பட்டது 1955-ல், வேலூரில். வட ஆற்காடு மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து காய்ச்சலும் வலிப்புமாக, நினைவு தப்பிய நிலையில் குழந்தைகள் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார்கள். அங்கே குழந்தை மருத்துவர்களாக இருந்த வெப், பெரேரா இருவரும் இது பூச்சி கடித்து வருகிற வைரஸ் காய்ச்சல் என்று அறிகுறிகளை வைத்துக் கணித்தார்கள். பூனா மையத்தின் டெல்போர்ட் வொர்க்கும் கீர்த்தி ஷாவும் ரத்தத்தைச் சோதித்து ஜப்பானிய வகைதான் என்று உறுதி செய்தார்கள். அடுத்த ஆண்டே வேலூர்ப் பக்கத்துக் கொசுக்களிடமிருந்து கிருமி கிடைத்தது. 1958-ல் நோயாளியிடமிருந்தும் கிடைத்தது.

எங்க ஊர்க்காரங்களுக்கு 1954 நவம்பர் 1 மறக்க முடியாத தேதி. பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்த நாள். அந்தப் பரபரப்பு அடங்குவதற்குள்ளே, அடுத்த வருஷம், வடமேற்கே நூறு சொச்சம் கிலோமீட்டரில் டாக்டர்கள் இந்த நோய்க்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆட்சிக்கு எல்லைக்கோடு இருந்ததே தவிர, கொசுவுக்கும் கொக்குக்கும் என்ன கோடு? இங்கே ஒரு கழனி புதுச்சேரி, வரப்பைத் தாண்டினால் தமிழ்நாடு, வானூர் வட்டம்.

அதுக்கு முன்னாடி இந்த நோய் இல்லையா? இருந்திருக்கும். பெயர்தான் இல்லை. எங்க ஆயா காலத்துல குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி, கண்ணு மேல சொருகி, கையும் காலும் இழுத்துக்கிட்டா 'ஜன்னி கண்டுடுச்சு'ம்பாங்க. இல்லன்னா 'காத்து கருப்பு அடிச்சுடுச்சு'. ஜன்னிங்கற ஒரு சொல்லுக்குள்ள எத்தனையோ நோய் அடங்கிக் கிடந்தது. அதுல இதுவும் ஒண்ணு.

இனி இந்தக் கிருமி எப்படிச் சுற்றுகிறது என்று பார்ப்போம். இதன் சொந்த வீடு மனுசன் இல்லை. கொக்கு, நாரை, மடையான் மாதிரி நீர்ப்பறவைகளில் இருக்கிறது. பறவைக்கு ஒண்ணும் ஆகாது. அந்தப் பறவையைக் கடித்த கொசு பன்றியைக் கடித்தால், பன்றியின் ரத்தத்தில் கிருமி அபாரமாகப் பெருகும். பன்றிக்கும் பெரிய நோவு தெரியாது, சினைப்பன்றி குட்டி வீசுவதைத் தவிர. பன்றியிடமிருந்து நூற்றுக்கணக்கான கொசுக்கள் கிருமியை வாங்கிக்கொள்ளும். அதிலொன்று தவறிப்போய் நம்மைக் கடிக்கும். நம் ரத்தத்தில் கிருமி அந்த அளவுக்குப் பெருகுவதில்லை, அதனால் நம்மைக் கடித்த கொசு அதை வேறொருவருக்குக் கொண்டுபோக முடியாது. மனுசன் இந்தப் பாதையில் ஒரு முட்டுச்சந்து. ஆகவே நோய் வந்த வீட்டுக்குப் போகப் பயப்பட வேண்டியதே இல்லை. ஒட்டுவாரொட்டி இல்லை இது.

எங்க ஊரை இந்தக் கணக்கில் வெச்சுப் பாருங்க. பக்கத்திலேயே ஊசுட்டேரி. பாதி புதுச்சேரி, பாதி தமிழ்நாடு. பறவைகள் சரணாலயம். மழை முடிஞ்சா கொக்கும் நாரையுமா வெள்ளைத் துணி காயப்போட்ட மாதிரி இருக்கும். ஞாயித்துக்கிழமை ஆனா கேமராவோட வந்துடறாங்க. ஏரியைச் சுத்தி கழனி. கழனியில தண்ணி. கொசுவுக்கு இதைவிட வேற என்ன வேணும்?

இந்தக் கொசுவுக்கு சாக்கடைத் தண்ணி பிடிக்காது. புதுச்சேரி டவுன்ல சாக்கடையில வளர்ற கொசு வேற, அது யானைக்காலைக் கொண்டு வந்தது. 1975-ல் புதுச்சேரியில் தொடங்கின கொசு ஆராய்ச்சி மையம், வி.சி.ஆர்.சி., 1981 முதல் 1985 வரை டவுனில் அந்தக் கொசுவோடுதான் மல்லுக்கட்டியது. கழனிக் கொசுவுக்குப் பிடிச்சது சேடை ஓட்டி, நாத்து நட்டு, வெயில் நேரா விழற தெளிஞ்ச தண்ணி. நடவு முடிஞ்ச முதல் சில வாரம்தான் அதுக்குக் கொண்டாட்டம். பயிர் தூர் கட்டி, இலை மூடி நிழல் விழுந்துட்டா குறைஞ்சிடும். இதை நான் புத்தகத்துல படிக்கறதுக்கு முந்தியே கண்ணால பார்த்திருக்கேன். நட்ட மூணாம் வாரம் கழனியில குனிஞ்சு பார்த்தா தண்ணி துடிக்கும். அப்ப அதெல்லாம் என்னன்னு யோசிச்சதில்லை.

இங்கே மழை ஐப்பசி, கார்த்திகை. சம்பா நடவும் ஏரி நிரம்புவதும் பறவை வருவதும் எல்லாம் ஒட்டியே வரும். அதனால்தான் வடக்கே இந்த நோய் ஆடி, ஆவணியில் தலைகாட்டினால், நம்ம பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்கிறார்கள். அக்கா மகளிடம் ஆபீஸில் சொன்னவர் மாதத்தைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

என் அப்பா காலத்தில் ஏரிப் பாசனத்தில் ஒரு போகம். மிஞ்சினால் இரண்டு. 1966-க்கு அப்புறம் ஐ.ஆர்.எட்டு மாதிரி குட்டை ரகங்கள் வந்தன, போர் போட்டார்கள், மோட்டார் வந்தது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று வருஷம் பூராவும் ஏதாவது ஒரு கழனியில் தண்ணீர் நிற்க ஆரம்பித்தது. சோற்றுப் பஞ்சம் போனது. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது, அந்தச் சோறு தின்னு வளர்ந்தவன் நான். ஆனால் அதே காலத்தில்தான் இந்த நோயும் பரவியது. 1973-ல் மேற்கு வங்கத்தில் பர்த்வான், பாங்குரா மாவட்டங்களில் நூற்றுக்கணக்கான பேரைப் பிடித்தது. எண்பதுகளில் தென் ஆற்காட்டில் திரும்பத் திரும்ப வந்தது. தென் ஆற்காடு என்றால் இன்றைய கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்கள். எங்களைச் சுற்றி நாலு பக்கமும் அதுதான்.

அந்தச் சமயத்தில், 1985-ல், மதுரையில் மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். அதன் ஆட்கள் விருத்தாசலத்தில் களநிலையம் போட்டு, ஊர் ஊராகக் கொசு பிடித்தார்கள், பள்ளிப் பிள்ளைகளின் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் கண்டது என்னைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். கிருமி நுழைந்த பிள்ளைகள் ஏராளம். நோயில் விழுந்தவர்கள் கொஞ்சம்.

இதுதான் 'யாருக்கு வருகிறது' என்ற கேள்விக்கு முக்கியமான பதில். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கிருமி நுழைகிற சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் கடுமையாகிறது. மற்றவர்களுக்குச் சாதாரணக் காய்ச்சல், அல்லது அதுவும் இல்லை. ஒரு பள்ளிக்கூடம் பூராவுக்கும் கிருமி நுழைந்துவிட்டுப் போனாலும் ஒரே ஒரு பிள்ளை படுக்கும். அதனால் ஊரே ஏமாந்துவிடும். ஆனால் அந்த ஒன்றுக்கு வந்தால் பொல்லாதது. நோய் முற்றினவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறக்கலாம். பிழைப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட கை கால் விளங்காமலோ, பேச்சு போயோ, வலிப்போடோ, புத்தி மட்டுப்பட்டோ வாழ வேண்டியிருக்கும். கிருமியைக் கொல்ல மருந்து இன்றுவரை கிடையாது. காய்ச்சலை இறக்கி, வலிப்பை அடக்கி, மூச்சைக் காப்பாற்றிக் கொடுப்பதுதான் வைத்தியம்.

2011-ல் வெளியான ஒரு கணக்கு, ஆண்டுக்கு உலகத்தில் சுமார் 68,000 பேருக்கு இது வருவதாகவும், அதில் முக்கால்வாசிப் பேர் 15 வயதுக்குள் இருப்பவர்கள் என்றும் சொன்னது. ஏன் பிள்ளைகள்? பெரியவர்களுக்குக் கொசு கடிக்காமல் இல்லை. சின்ன வயசிலேயே பல தடவை கடி வாங்கி, தெரியாமலே எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது. எனக்கும் என் வயசுக்காரர்களுக்கும் இந்தக் கிருமி எப்பவோ வந்து போயிருக்கும். நாங்க திடமா இருக்கறது எங்க உடம்பு வாகுன்னு பீத்திக்கிட்டிருந்தோம். 250-ல ஒருத்தர் நாங்க இல்லை, அவ்வளவுதான் விஷயம். கிருமியே பார்க்காத ஊரிலிருந்து புதுசாக வருகிறவர்களுக்கு அந்தக் கவசமும் கிடையாது. அது எந்த வயசானாலும்.

பிள்ளைகளிலும் யார்? சாயங்காலம் மாட்டை ஓட்டிக்கொண்டு வருகிற பிள்ளை, கதவில்லாத வீட்டில் திண்ணையில் படுக்கிற பிள்ளை, கழனியை ஒட்டிக் கொட்டாய் போட்டிருக்கிற கூலிக்காரர் பிள்ளை. இந்தக் கொசு பொழுது சாய்ந்த பிறகுதான் கடிக்கும், பெரும்பாலும் வெளியில்தான் கடிக்கும், கடித்துவிட்டுச் செடி கொடியில் போய் உட்காரும். அதனால் வீட்டுச் சுவரில் மருந்தடிப்பதால் பெரிய பலனில்லை. புகை வண்டி தெருவில் போனால் மனசுக்கு ஆறுதல், அவ்வளவே.

என்னோடு நாலாவது படித்த ஒருவனைப் பற்றிச் சொல்லணும். பேர் வேண்டாம். மழை பெஞ்சு ஓய்ஞ்ச ஒரு கார்த்திகை மாசம். முதல் நாள் என்னோட வாய்க்கால்ல மீன் பிடிச்சான். ரெண்டு நாள் காய்ச்சல். மூணாம் நாள் ராத்திரி இழுப்பு. டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாங்க. ஒரு மாசம் கழிச்சு வந்தான். வந்தது அவன்தான், ஆனா எங்களைத் தெரியலை. பேச்சு வரலை. வலது கை மடங்கியே இருந்தது. அதுக்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல அவங்கம்மா அவனுக்குச் சோறு ஊட்டினாங்க. கழனி வேலைக்குப் போறப்ப வரப்புல ஒரு சாக்கை விரிச்சு உட்கார வெச்சுட்டு நடவு நடுவாங்க. தலைக்கு மேல கொக்கு போனா மட்டும் சிரிப்பான்.

அது என்ன காய்ச்சல்னு அந்த வீட்டுக்கு யாரும் சொல்லலை. அவங்கம்மா சாகற வரைக்கும் ஒண்ணையே சொல்லிக்கிட்டிருந்தாங்க: "விளக்கு வெச்ச நேரத்துல புளியமரத்தடியில அனுப்பிச்சேன், நான்தான் பாவி." ஜப்பானியக் காய்ச்சல்தான் அவனுக்கு வந்ததுன்னு நான் சாதிக்க மாட்டேன், எந்தச் சீட்டும் இல்லை. ஆனா பருவமும் வயசும் அடையாளமும் அப்படியே பொருந்துது. அந்தம்மாவுக்கு யாராவது ஒருத்தர், 'இது கொசுவால வர்ற நோய், உன் மேல தப்பு இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இருபது வருஷப் பழியை அவங்க சுமந்திருக்க வேண்டாம். நோய்க்கு ஒரு பெயர் இருந்தால் வைத்தியத்துக்கு மட்டும் உதவாது, வீட்டில் இருக்கிறவர்களுக்கும் உதவும்.

பெயர் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கும் கதை இருக்கிறது. 1998-99-ல் மலேசியாவில் பன்றிப் பண்ணைக்காரர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஜப்பானியக் காய்ச்சல் என்றே நினைத்து ஊசி போட்டார்கள், கொசுவுக்குப் புகை அடித்தார்கள். ஊசி போட்டவர்களும் செத்தார்கள். சுவா காவ் பிங் என்ற இளம் ஆராய்ச்சியாளர்தான் இது வேறு கிருமி என்று கண்டுபிடித்தார். அதுதான் நிபா. 2018-ல் கோழிக்கோட்டுக்கு வந்த அதே நிபா. வடக்கே கோரக்பூரில் 2005-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பிள்ளைகள், செத்தபோது ஜப்பானியக் காய்ச்சல் என்றார்கள். அடுத்த ஆண்டு ஊசியும் வந்தது. அதன் பிறகும் பிள்ளைகள் வலிப்போடு வந்துகொண்டே இருந்தார்கள். தேடிப் பார்த்தால், அப்படி வந்தவர்களில் பாதிக்கு மேல் ஸ்கரப் டைபஸ், அதாவது நம்ம பக்கம் உண்ணிக் காய்ச்சல் என்கிறோமே, அது. அதற்கு டாக்சிசைக்ளின் போன்ற விலை குறைந்த மாத்திரையே போதும், சீக்கிரம் கொடுத்தால். எங்கள் பக்கமும் மழைக்காலத்தில் அது உண்டு. அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட்டால் சுட்ட மாதிரி கருப்பாக ஒரு பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டாக்டரிடம் அதைக் காட்டத் தவறாதீர்கள்.

மறுபடி கழனிக்கு வருவோம். நெல்தான் காரணம் என்றால் தஞ்சாவூர் பிள்ளைகள்தானே அதிகம் படுக்க வேண்டும்? அப்படி இல்லை. மதுரை மையத்தார் தஞ்சாவூர் மாவட்டத்துப் பிள்ளைகளைச் சோதித்து, அங்கே இந்தத் தொற்று குறைவு என்று 2000-ல் எழுதினார்கள். கடல் போல நெல் இருந்தும் ஏன் குறைவு? அவர்கள் காட்டிய காரணம் மாடு. அங்கே பன்றியோடு ஒப்பிட்டால் மாடு மிக மிக அதிகம். இந்தக் கொசுவுக்கு மனுச ரத்தத்தைவிட மாட்டு ரத்தம்தான் இஷ்டம். மாட்டின் உடம்பில் இந்தக் கிருமி பெருகாது. மாட்டைக் கடிக்கிற ஒவ்வொரு கடியும் வீணாய்ப் போன கடி. வாயில்லா ஜீவன் நமக்குத் தெரியாமலே நம் பிள்ளைகளுக்குக் காவல் நின்றிருக்கிறது.

இதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. எங்க தெருவுல நான் சின்னப் பையனா இருந்தப்ப மாடில்லாத வீடு கிடையாது. இப்போ டிராக்டர் வந்தாச்சு, அறுவடைக்கு மெஷின் வந்தாச்சு. தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் வேலைக்குப் போற பசங்களுக்குச் சாணி அள்ள நேரம் எங்கே? தெருவுல விரல் விட்டு எண்ணிடலாம் மாட்டை. கொசு மட்டும் குறையலை. பன்றி வளர்க்கறவங்களை மட்டும் ஊர் திட்டும், அவங்க ஏழைங்க, திட்ட வசதி. மாட்டை வித்துட்டு, வருஷம் பூரா தண்ணி கட்டுற நம்மளை யாரும் திட்டறதில்லை.

யூரியாவுக்கும் பங்கு இருக்கிறது. யூரியா போட்ட கழனியில் கொசுப்புழு கூடுகிறது என்று மதுரை மையத்தார் அளந்து சொன்னார்கள். வேப்பம் புண்ணாக்கு கலந்து போட்டால் புழு குறைகிறது என்றும் சோதித்துக் காட்டினார்கள். இப்போது 2015-லிருந்து கடையில் வருகிற யூரியா எல்லாமே வேப்பெண்ணெய் பூசினதுதான். ஆனால் அது யூரியா சீக்கிரம் கரையாமல் இருக்கப் பூசுகிற கொஞ்சம் எண்ணெய். அதையே கொசு மருந்தாக நினைத்துவிட வேண்டாம்.

அவர்கள் செய்த இன்னொரு சோதனைதான் இந்தப் பதிவின் தலைப்பு. கழனியில் எப்போதும் தண்ணீர் நிறுத்தாமல், ஒரு தடவை பாய்ச்சி, மண் சற்றே காய்ந்து முடிவெட்டு விடும்போது மறுபடி பாய்ச்சுவது. நம்ம பாஷையில் காய்ச்சலும் பாய்ச்சலும். கொசு முட்டையிலிருந்து பறக்கிற வரைக்கும் அதற்கு எட்டுப் பத்து நாள் தண்ணீர் வேண்டும். நடுவில் ஒருமுறை காய்ந்தால் புழு அத்தனையும் போச்சு. 1995-ல் வந்த அவர்கள் கட்டுரைப்படி புழு நன்றாகக் குறைந்தது, விளைச்சலுக்குக் கேடு இல்லை. ஒற்றை நாற்று நடவில் இதே முறைதான். அந்த நடவை மடகாஸ்கரில் எண்பதுகளில் உருவாக்கியவர் லோலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார்.

நான் ஆறு வருஷமா இப்படித்தான் பாய்ச்சுறேன். ஆரம்பிச்சது கொசுவுக்காக இல்லை, போர்ல தண்ணி இறங்கிப் போச்சேன்னுதான். கஷ்டமும் இருக்கு. பரம்பு அடிச்சு மட்டம் பண்ணலைன்னா பள்ளத்துல தண்ணி தங்கி, அங்க கொசு அடைக்கலம் புகுந்துடும். களை கூடும். கார்த்திகையில அடைமழை பிடிச்சா காய்ச்சல் ஏது, ஒரே பாய்ச்சல்தான். நான் ஒருத்தன் காயப் போட்டுப் புண்ணியமும் இல்லை, பக்கத்துக் கழனியில தண்ணி நின்னா கொசு அங்கிருந்து வரும், அது கிலோமீட்டர் கணக்குல பறக்கும். ஊர் சேர்ந்து செய்யணும். வரப்புத் தகராறே தீராத ஊர்ல இதுக்கு எப்ப சேர்றது?

ஆக, கைக்கு எட்டுகிற காவல் ஊசிதான். ஜப்பான், கொரியா போன்ற நாடுகளில் ஊசியால்தான் பெரும்பாலும் இந்த நோய் அடங்கியது. பன்றிப் பண்ணைகளும் ஊரைவிட்டுத் தள்ளிப்போயின, கழனிகளும் குறைந்தன. இந்தியாவில் 2006-ல் சீனாவின் எஸ்.ஏ. 14-14-2 என்ற ஊசியை வைத்து, நோய் அதிகமுள்ள மாவட்டங்களில் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குப் போட ஆரம்பித்தார்கள். பிறகு தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கும் வந்தது. 2013-ல் நம் நாட்டிலேயே ஒரு ஊசி வந்தது. அதற்கு மூலமாக இருந்த கிருமி பக்கத்துக் கோலாரில் கிடைத்தது. நோயுள்ள மாவட்டங்களில் ஒன்பது மாதத்தில் ஒன்று, ஒன்றரை வயசை ஒட்டி இன்னொன்று என்று அரசாங்கமே போடுகிறது. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அட்டையில் இருக்கும். பெருநகரத்தில் பிறந்த பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இருக்காது. தாத்தா வீட்டுக்கு வருகிற பேரப்பிள்ளைதான் வேடிக்கையாக விட்டுப்போகிறது.

இனி வராது என்று யாரும் மார்தட்ட முடியாது. 2022-ல் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில், அதுவரை இந்த நோயே தெரியாத இடங்களில், மழை வெள்ளத்துக்குப் பிறகு பன்றிப் பண்ணைகளில் கிளம்பியது. கொக்குக்குக் கடவுச்சீட்டு கேட்பார் யாருமில்லை.

நேத்து அக்கா மகளுக்குப் போன் போட்டேன். "வாம்மா, தாராளமா வா. ஆனா அதுக்கு முந்தி பையனோட ஊசி அட்டையை எடுத்துக்கிட்டுப் போய் டாக்டர்கிட்ட ஜப்பானியக் காய்ச்சல் ஊசியைக் கேளு. வர்றதுக்கு ரெண்டு மூணு வாரம் முந்தியே போட்டுடு. பகல்ல கழனி, ஏரி எல்லாம் நான் காட்டுறேன். பொழுது சாஞ்சா முழுக்கைச் சட்டை, ராத்திரி கொசுவலை. ஊருக்குப் போனப்புறம் ரெண்டு வாரத்துக்குள்ள காய்ச்சலோட தலைவலி, வாந்தி, பெனாத்தல்னு இருந்தா, வைரல்னு வீட்டுல வெச்சுக்கிட்டு இருக்காதே, நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. எந்த ஊருக்குப் போயிட்டு வந்தேன்னு கேக்காமலே சொல்லிடு."

"இவ்ளோ இருக்கா மாமா?"ன்னா.

"இதெல்லாம் பயமுறுத்தறதுக்கு இல்லம்மா. எங்கம்மா காலத்துல தெரிஞ்சிருந்தா பண்ணியிருக்கலாமேன்னு இருக்கறதைத்தான் சொல்றேன்."

சம்பா நட்டு மூணு வாரம் ஆகுது. இன்னிக்குக் காலையில மடையை அடைச்சுட்டு வந்திருக்கேன். மேல் மண்ணு லேசா வெடிக்க ஆரம்பிச்சிருக்கு. மழை பிடிக்கறதுக்குள்ள ஒரு காய்ச்சலாவது கொடுத்துடணும்.